நாற்பத்தொன்றாம் பேட்ஜ்

"என் பெட்டியை யாரு திறக்கச் சொன்னது?"

"நீங்கதான். கோட்டை எடுத்து இஸ்திரி போட்டு வைன்னு—"

"கோட்டைத்தானே சொன்னேன்! அடியில கிடக்கிற சாக்ஸுக்குள்ள உனக்கு என்ன வேலை?"

"ஒத்தை சாக்ஸா கிடந்தது. ஜோடி எங்கேன்னு எடுத்தேன். உள்ள என்னமோ கனமா—"

"எடுத்த கையோட அப்படியே வச்சிருக்க வேண்டியதுதானே?"

"கத்தாதீங்க. பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்திருக்கு. ஒரு ஆளுக்கு எதுக்கு ரெண்டு பேட்ஜ்? முதல்ல அதைச் சொல்லுங்க."

என் வீட்டுக்காரர் இஸ்திரிப் பெட்டியின் சுவிட்சை அணைத்தார். அணைத்ததை மறந்து மறுபடியும் போட்டார். அதிரடிப் படையில் பதினான்கு வருஷம் இருந்தவர். இப்படித் தடுமாறி நான் பார்த்ததே இல்லை.

இரண்டும் மேசைமேல் கிடந்தன. ஒரே அளவு, ஒரே கத்தி, கத்திக்கு இரண்டு பக்கமும் ஒரே இறக்கை. திருப்பிப் போட்டேன். தபால் ஆபீசில் முப்பது வருஷம் கடிதம் பிரித்தவள் நான். எண்ணைக் கண்டால் கண் தானாக அங்கே போய்விடும். இறக்கை வளைந்திருந்ததன் முதுகில் முப்பத்தாறு. அது இவருடையது. மற்றதில் நாற்பத்தொன்று.

"நாப்பத்தொண்ணு யாரு?"

"விடு."

"யாருங்க?"

"விசில்."

அந்தப் பெயர் எனக்குத் தெரியும். எப்போதும் சீட்டி அடித்துக்கொண்டே இருப்பானாம், அதனால் அந்தப் பெயர். முப்பத்துநாலு வருஷமாக எங்கள் வீட்டில் அந்தப் பெயருக்கு ஒரே அர்த்தம்தான்: ஓடிப்போனவன்.

"அவன் பேட்ஜ் உங்ககிட்ட எப்படி வந்துச்சு?"

"டப்பாவைப் பத்தி உனக்குத் தெரியுமில்ல?"

"இருபது தடவை சொல்லியிருக்கீங்க. கிளம்பறதுக்கு முன்னாடி எல்லாரும் பேட்ஜைக் கழட்டித் தகர டப்பாவுல போடுவீங்க. பிடிபட்டா எந்தப் படைன்னு தெரியக் கூடாது. திரும்பி வந்தவன் அவனவன் பேட்ஜை எடுத்துக்கணும். மிச்சம் கிடக்கிறது யாருதோ, அவன் இன்னும் வரலை."

"அதேதான். அன்னிக்கு ஆத்தை நீந்திக் கடந்து விடியற்காலையில வந்தேன். விரல் விறைச்சுப் போச்சு. இருட்டுக்குள்ள டப்பாவுல கையை விட்டு, வளைஞ்ச இறக்கையைத் தடவிப் பார்த்து எடுத்து, பையில போட்டுட்டுப் போய் விழுந்துட்டேன். என் பேட்ஜோட ஊக்கு அவனோடதுல மாட்டியிருந்திருக்கு. ரெண்டும் சேர்ந்தே வந்திருக்கு."

"தெரியலையா?"

"சத்தியமா தெரியலை."

நான் உட்கார்ந்தேன். மீதியை அவர் சுவரைப் பார்த்துச் சொன்னார். காலையில் ஸ்டோர்காரன் டப்பாவைப் பார்த்து, "காலி" என்று கத்தினான். காலி என்றால் எல்லாரும் வந்தாயிற்று. வராதவர்களுக்காக நிறுத்தி வைத்திருந்த படகுகளைக் கரையேற்றிவிட்டார்கள். சாயங்காலம் ஆட்களை நிற்க வைத்தால் விசிலைக் காணோம். பேட்ஜ் இல்லை, ஆளும் இல்லை.

"அப்ப வந்துட்டு ஓடிட்டான்னு எழுதிட்டாங்க," என்றேன்.

"ம்."

"நீங்க எப்ப பார்த்தீங்க?"

"ரெண்டாவது நாள். சட்டையைத் துவைக்கப் போடும்போது."

"பார்த்துட்டு?"

"கேப்டன் கூடாரத்து வாசல் வரைக்கும் போனேன். உள்ள ஒயர்லெஸ்ல பேசிட்டிருந்தாரு. ‘ஒரு உயிர்ச்சேதம் கிடையாது, அத்தனை பேரையும் திருப்பிக் கூட்டிட்டு வந்துட்டேன்’னு. அவ்வளவு சந்தோஷமா அவரு பேசி நான் கேட்டதே இல்லை. திரும்பி வந்துட்டேன்."

நாற்காலியில் தொங்கிய கோட்டைப் பார்த்தேன். மார்பில் அந்த மெடல். உயிர்ச்சேதம் இல்லாமல் முடித்த வேலைக்காகப் பத்தொன்பது பேருக்கும் கொடுத்தது. வருஷா வருஷம் துணி போட்டுத் துடைத்தவள் நான். வீட்டுக்கு வந்தவர்களிடம் எல்லாம் காட்டிப் பெருமைப்பட்டவளும் நானேதான்.

"இன்னிக்கு உங்க பழைய படைக்காரங்க கூட்டத்துல சொல்லப் போறீங்களா, இல்லையா?"

"இன்னிக்குத்தான் கடைசி. டப்பாவை மூடிப் படைக்கே திருப்பிக் கொடுத்துடறாங்க. என்னோடதோட சேர்த்து இதையும் போட்டுடறேன். நம்பரைப் படிப்பாங்க. அவன் வந்ததா ஆயிடும்."

"யாரு போட்டதுன்னு கேட்டா?"

"கேக்க மாட்டாங்க."

"கேட்டா?"

"கோட்டைக் கொடு. நேரமாச்சு."

கூட்டம் ஒரு விடுதியின் இரண்டாவது மாடியில், காலை பதினோரு மணிக்கு. படிக்கட்டில் ஆளுக்கொரு பக்கம் கைப்பிடியைப் பிடித்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள். "கயித்தைப் பிடிச்சு மலை ஏறின பயலுகளைப் பாருடா," என்று ஒருவர் சொல்ல, "நீ முதல்ல ஏறு, விழுந்தா நான் பிடிக்க மாட்டேன்," என்றார் இன்னொருவர். மேலே வாசலில் தகர டப்பாவோடு அதே ஸ்டோர்காரர் நின்றார். டப்பாவை யாரையும் தொட விடமாட்டார் என்பதால் அவருக்குப் பெயரே பூட்டு.

"வாங்க அண்ணி! இந்த நெட்டையை இன்னும் வச்சுக் காப்பாத்துறீங்களா? உங்களுக்குத்தான் மெடல் கொடுக்கணும்."

சிரிக்க முயன்றேன். என் வீட்டுக்காரர் கையை டப்பாவுக்குள் விட்டார். ஒரு சத்தம்தான் கேட்டது. இரண்டு சத்தம் கேட்டிருக்க வேண்டும் என்று எனக்குத்தான் தெரியும்.

பெண்கள் வரிசையில் போய் உட்கார்ந்தேன். என் பக்கத்து நாற்காலியைத் தொட்டு, "இங்க யாராவது வர்றாங்களா அக்கா?" என்றாள் ஒருத்தி. என்னைவிட ஆறேழு வயது சின்னவள். விரல் நுனிகள் வெளுத்துத் தோல் உரிந்திருந்தன.

"உட்காருங்க. யாரோட வீட்டுல இருந்து?"

"விசிலோட வீட்டுல இருந்து."

நாற்காலியை அவளுக்கு நகர்த்திக் கொடுத்தேன்.

"வருஷா வருஷம் கடிதம் போடுவேன் அக்கா. பதில் வராது. இன்னிக்குக் கடைசின்னு கேள்விப்பட்டேன், நேரா வந்துட்டேன். கேப்டன் ஐயா ‘உட்காரும்மா, ஆனா எதுவும் பேசக் கூடாது’ன்னாரு. நான் என்ன பேசப் போறேன்? ஆஸ்பத்திரியில துணி துவைக்கிறவ. என் பையன் இருக்கானே, பள்ளிக்கூடத்துல அவனை ‘ஓடினவன் மகனே’ன்னுதான் கூப்பிடுவாங்க. இப்ப அவனுக்கே பையன் இருக்கான். ஒரே ஒரு தடவை அவரு நம்பரைப் படிச்சுட்டா போதும் அக்கா. நான் எழுந்து போயிடுவேன்."

"படிப்பாங்க," என்றேன்.

"எப்படிச் சொல்றீங்க?"

நான் குனிந்து செருப்பைச் சரிசெய்தேன்.

கேப்டன் எழுந்தார். எண்பதைத் தாண்டியவர், முதுகு மட்டும் இன்னும் நேராக இருந்தது. பேச்சு ஒன்றும் இல்லை. அவர்கள் வழக்கம் அது. பூட்டு டப்பாவிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து முதுகில் இருக்கும் எண்ணைப் படிப்பார். ஆள் இருந்தால் எழுந்து, "வந்துட்டேன்" என்பார். விசில் காணாமல்போன பிறகு வேறு வேலைகளுக்குப் போய்த் திரும்பி வராதவர்களின் பேட்ஜ் டப்பாவிலேயே இருக்கும். அந்த எண்ணைப் படித்தால் எல்லாரும் எழுந்து, "வந்துட்டான்" என்பார்கள்.

"பன்னெண்டு."

"வந்துட்டேன்."

"இருபத்தேழு."

"வந்துட்டேன்." காது கேட்காத ஒருவரைப் பக்கத்தில் இருந்தவர் இடித்து எழுப்பினார். கொஞ்சம் சிரிப்பு.

"ஒம்பது."

எல்லாரும் எழுந்தார்கள். "வந்துட்டான்."

"முப்பத்தாறு."

"வந்துட்டேன்," என்றார் என் வீட்டுக்காரர்.

பூட்டு அடுத்ததை எடுத்தார். கண்ணாடியை மேலே தள்ளினார், கீழே இறக்கினார். ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தார்.

"என்னப்பா, படி," என்றார் கேப்டன்.

"நாப்பத்தொண்ணு."

யாரும் எழுந்திருக்கவில்லை. என் பக்கத்தில் இருந்தவள் மட்டும் எழுந்துவிட்டாள். "வந்துட்டாரு" என்று சொல்ல வாயெடுத்தாள்.

"கொண்டா இங்க." கேப்டன் வாங்கிப் பார்த்தார். "இது எப்படி இதுக்குள்ள வந்துச்சு?"

"எனக்குத் தெரியாதுங்க ஐயா."

"டப்பா யாருகிட்ட இருக்கு, முப்பத்துநாலு வருஷமா?"

"என்கிட்டதான். ஆனா—"

"சாவி யாருகிட்ட?"

"என்கிட்ட. ஐயா, நான் அன்னிக்குக் கண்ணால பார்த்தேன். டப்பா காலி. தூக்கித் தட்டியே பார்த்தேன்!"

"காலின்னா இது எங்கேயிருந்து முளைச்சுது?"

முன்வரிசையில் ஒருவர், "அப்ப பேட்ஜ் டப்பாவுலயே கிடந்திருக்கு. சரியாப் பார்க்காம காலின்னு சொல்லிட்டு, அப்புறம் பயந்து மறைச்சுட்டியா பூட்டு?" என்றார். இன்னொருவர், "அவன் திரும்பியே வரலைடா அப்ப," என்றார். அந்தச் சொல் அறை முழுக்கப் பரவியது. திரும்பியே வரலை. ஓடலை. திரும்பியே வரலை.

அவள் நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு முன்னால் போனாள். நேராகப் பூட்டு முன்னால்.

"நீங்களா? ‘காலி’ன்னு சொன்னது நீங்களா?"

"தாயி, என் பிள்ளைங்க மேல ஆணையா—"

"என் பிள்ளை முகத்தைப் பார்த்திருக்கீங்களா நீங்க?"

பூட்டு அழுதுவிட்டார். வாசலில் என்னைச் சீண்டிய மனிதர், எழுபத்தைந்து வயதில், எல்லார் முன்னாலும் கோட்டுக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு நின்றார். கோட்டில் இருந்த மெடலை அவரே பிடுங்கப் பார்த்தார், ஊக்கு கழலவில்லை.

என் வீட்டுக்காரர் உட்கார்ந்தே இருந்தார். நான் வரிசையை விட்டு வந்து அவர் பின்னால் நின்றேன்.

"எழுந்திருங்க."

"இரு. அடங்கட்டும்."

"அடங்காது. எழுந்திருங்க."

"நம்பரைப் படிச்சாச்சில்ல. அவளுக்கு வேண்டியது கிடைச்சுருச்சு."

"அவருக்கு?" பூட்டைக் காட்டினேன். "நீங்க எழுந்திருக்கலைன்னா நான் சொல்லிடுவேன்."

"சொல்லிடுவியா?"

"இப்பவே."

வாயைத் திறந்தேன். என் மணிக்கட்டைப் பிடித்தார். வலித்தது. பிறகு அந்தப் பிடியையே ஊன்றுகோலாக வைத்து எழுந்தார்.

"அவனை விடுங்க. போட்டது நான்."

எல்லாரும் அவர் பக்கம் திரும்பினார்கள்.

"இன்னிக்குக் காலையிலதான் போட்டேன். இத்தனை வருஷமும் என்கிட்ட இருந்துச்சு. பூட்டு சொன்னது நிஜம். டப்பா காலியாத்தான் இருந்துச்சு. காலியாக்கினது நான்."

"நெட்டை, உட்காரு," என்றார் கேப்டன். "இது இங்க பேசற விஷயம் இல்லை."

"இங்கதான் ஐயா பேசணும்."

"உன் மெடல் மட்டும் இல்லைடா. இங்க உட்கார்ந்திருக்கிற அத்தனை பேரோடதும். உயிர்ச்சேதம் இல்லைன்னு நான் கையெழுத்துப் போட்டிருக்கேன். யோசிச்சுப் பேசு."

"பேசட்டும் ஐயா," என்றாள் அவள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நான்தான் பேசக் கூடாது. அவரு பேசலாமில்ல?"

என் வீட்டுக்காரர் ஊக்கு மாட்டிக்கொண்டதைச் சொன்னார். சட்டைப் பையைச் சொன்னார். கூடாரத்து வாசலைச் சொன்னார். ஒயர்லெஸ்ஸில் கேட்டதை வார்த்தை மாறாமல் சொன்னபோது கேப்டன் மெதுவாக உட்கார்ந்தார். யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று எனக்கு இருந்தது.

பூட்டுதான் முதலில் பேசினார். கோபமாகக்கூட இல்லை. பழைய கணக்கு ஒன்று மனதுக்குள் ஓடுவதுபோல, தன்பாட்டுக்குச் சொன்னார்.

"ரெண்டாவது நாள் மத்தியானம் வரைக்கும் அக்கரை நம்ம கையிலதானே இருந்துச்சு. ஒரு படகு போதும். நானே போயிருப்பேனே நெட்டை."

"தெரியும்," என்றார் என் வீட்டுக்காரர்.

அவள் அவர் முன்னால் வந்து நின்றாள். அவர் நெடுநெடுவென்று உயரம். அவள் தலையை முழுக்க நிமிர்த்த வேண்டியிருந்தது. அடிப்பாள் என்றே நினைத்தேன். என் கையும் குறுக்கே போகத் தயாராகத்தான் இருந்தது. அவள் மேசையிலிருந்து அந்தப் பேட்ஜை எடுத்தாள். உரிந்த விரலால் எண்ணைத் தடவிப் பார்த்தாள். பிறகு சன்னமாக, விலாசம் விசாரிக்கிறவள்போலக் கேட்டாள்:

"நீங்க அதைப் பார்த்தது காலையிலயா, மத்தியானத்துக்கு மேலயா, அண்ணே?"