வைட் லென்ஸில் வந்தவன்

பத்திரிகைப் புகைப்படக்காரனுக்கு அன்று காலையிலிருந்தே வயிறு எரிந்தது. அடிதடி என்றால் எட்ட நின்று எடுப்பதற்கென்று வைத்திருந்த பெரிய ஜூம் லென்ஸை, "நாளைக்கே தந்துடுறேன் மாமா" என்று பல்லை இளித்து வாங்கிப்போன மைத்துனன், ஏரிக்கரையில் கொக்கு பிடித்துக்கொண்டிருந்தான், கேமராவில்தான். கேமராவில் மாட்டுவதற்கு மிஞ்சியது ஒரு வைட் லென்ஸ்.

தொழிற்சாலை வாசலில் இரண்டு கோஷ்டிகள் அடித்துக்கொண்டன. ஒருவன் மண்டை பிளந்து விழுந்தான். அடித்தவன் இரும்புக் கம்பியோடு படமெடுத்துக்கொண்டிருந்த இவன் பக்கம் திரும்பி வந்தான். கேமராவில் கண்ணைப் புதைத்துப் பார்த்தால் அவன் விரல் உயரம்தான் தெரிந்தான். வைட் லென்ஸ் பக்கத்தில் நிற்பவனையும் தூரத்தில் தள்ளிக் காட்டும் என்பது இவனுக்குத் தெரியாததல்ல. ஆனால் ஜூமிலேயே பழகிப்போன கண், 'இன்னும் தூரம் இருக்கு, ஒண்ணு எடுத்துடலாம்' என்றது.

எடுத்தான். கம்பி இறங்கியது. லென்ஸ் நொறுங்கி, கேமரா முகத்துக்குள் புதைந்து, வலது கண் போயே போய்விட்டது.

ஆஸ்பத்திரிக்கு வந்த மைத்துனன் பெரிய லென்ஸைக் கட்டில்மேல் வைத்தான்.

"இது சுத்த வேஸ்ட் மாமா. ஒரு கொக்குகூடக் கிட்ட தெரியல."

இவன் மிச்சமிருந்த கண்ணால் அவனை ஒரு தரம் அளந்தான். லென்ஸைத் தூக்கி விட்டெறிந்தான். மூக்கெலும்பு முறிந்த சத்தம் அடுத்த கட்டில்வரை கேட்டது.

இந்தத் தடவை தூரம் பிசகவில்லை.