கூடுதலாக ஒரு கொமா

“‘உரோமத் தளபதிகளின் திருநாமம் தாங்கிய’ எண்டு போடு பிள்ளை,” என்று டக்ளஸ் சித்தப்பா சொன்னபோது, ஜசிந்தா ‘ஜேர்மனி ஹம் நகரை வசிப்பிடமாகவும் கொண்ட’ என்பது வரை தட்டியிருந்தாள். அப்பா குயின்ரஸ் காலையில்தான் ஆஸ்பத்திரியில் இறந்திருந்தார். மரண அறிவித்தல் மத்தியானத்துக்குள் இணையத்தில் வரவேண்டும்.

“தளபதியள் விடுவிச்ச அடிமையளுக்கும் அந்தப் பேர்தான், சித்தப்பா. நான் பள்ளிக்கூடத்தில லத்தீன் படிச்சனான். குயின்ரஸ் எண்டா ஐஞ்சாவது. அவ்வளவுதான்.”

சித்தப்பாவுக்கு எண் பிடிக்கவில்லை. முப்பத்தொரு வருடம் முதியோர் இல்லத்தில் கோப்பை கழுவிய சகலனுக்குச் செத்த பிறகாவது ஒரு பதவி கிடைக்கட்டும் என்று நினைத்தார். தளபதியின் சகலனாக இறுதிச் சடங்கில் மைக்கைப் பிடிப்பதில் அவருக்கும் நட்டமில்லை.

சகோதரர் வரிசை வந்தது. நேசமலர், காலஞ்சென்ற அந்தோனிப்பிள்ளை, பிளோறன்ஸ். ஜசிந்தாவின் விரல் நின்றது.

“மாமி, அப்பா நாலாவதெல்லோ?”

அப்பாவின் மூத்த அக்கா நேசமலர், வுப்பர்டாலில் இருந்து வந்த கையோடு தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தாள்.

“பேர் உள்ள கணக்குக்கு நாலு.”

“அப்ப?”

“பிளோறன்சுக்குப் பிறகு ஒரு பெட்டை. ஞானஸ்நானத்துக்கு முந்திப் போயிட்டுது. பேர் இல்லை. கோயில் புத்தகத்தில எழுத ஏலாது எண்டிட்டார் சுவாமி. பிறகுதான் கொப்பர் பிறந்தவர். அம்மா சுவாமியிட்டப் போய், ஐஞ்சாவது எண்டு அர்த்தம் வாற பேர்தான் வேணும் எண்டு ஒற்றைக் காலில நிண்டவ. அந்தப் பெட்டையை எண்ணிக்கையில விட்டிடுவினம் எண்ட பயம்.”

“அப்பாவுக்குத் தெரியுமோ?”

“தெரியும். வேலையில ஆரும் ‘குயின்’ எண்டு சுருக்கினா திரும்பியும் பாக்கமாட்டான்.”

சித்தப்பா திரையை எட்டிப் பார்த்தார். “பேரில்லாததை எப்பிடியம்மா போடுறது? சனம் என்ன நினைக்கும்?”

ஜசிந்தா பிளோறன்சின் காற்புள்ளிக்குப் பிறகு ஒரு இடைவெளி விட்டாள். இன்னொரு கொமா போட்டாள்.

“கொமா ஒண்டு கூடிப்போச்சு, பிள்ளை.”

“இருக்கட்டும், சித்தப்பா.”

அடுத்த வாரம் அடக்கப் பூசையில் சித்தப்பா தன் இரங்கலுரையில் மூன்று தளபதிகளையும் யானைப் படை ஒன்றையும் கடந்து, ஒருவழியாக அறிவித்தலை வாசிக்க வந்தார்.

“நேசமலர், காலஞ்சென்ற அந்தோனிப்பிள்ளை, பிளோறன்ஸ்...”

அடுத்த கொமாவில் வாய் திறந்தபடி நின்றுவிட்டார். தாளைக் கண்ணருகே கொண்டுபோனார். மைக்கில் அவருடைய மூச்சு மட்டும் கேட்டது.

முன்வரிசையில் நேசமலர், செபத்துக்குப் போடுவதுபோல, சேலைத் தலைப்பை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள்.

“...ஆகியோரின் அன்புச் சகோதரரும்,” என்று சித்தப்பா தொடர்ந்தார்.