அத்தையின் முயல்கள் ஏன் சாகவில்லை

எங்கள் தெருவில் அந்த மாதம் எழுபது முயல்கள் செத்தன. சாயங்காலம் நன்றாகத் தின்ற முயல் காலையில் மூக்கில் ரத்தத்தோடு விறைத்துக் கிடக்கும். என் மாமியார் வளர்த்த பதினொரு முயல்களுக்கு மட்டும் ஒரு தும்மல்கூட இல்லை. அது போதாதா அத்தைக்கு? முயல் வளர்ப்போர் சங்கத்தின் சுத்தத்துக்கான பரிசை இரண்டு வருடமாகத் தட்டிக்கொண்டு வந்தவர், இப்போது கேட்டவர் கேட்காதவர் எல்லோருக்கும் வகுப்பெடுக்க ஆரம்பித்துவிட்டார்.

"தினம் ரெண்டு வேளை கூண்டைக் கழுவணும், ஃபினாயில் போடணும். சோம்பேறியா இருந்தா நோய் வராம என்ன வரும்?"

பக்கத்து வீட்டு டெய்லரம்மா இதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு விழுந்து விழுந்து கழுவினார். அப்படியும் அவருடைய இருபத்துநாலும் போய்விட்டன. "நீ மூலை முடுக்கெல்லாம் சரியாக் கழுவியிருக்க மாட்ட" என்று அத்தை துக்கம் விசாரித்துவிட்டு வந்தார்.

எங்கள் கூண்டுக்கு மேலே சங்கம் கொடுத்த அட்டை தொங்கும். தேதிக்கு எதிரே காலை, மாலை என்று டிக் போட வேண்டும். டிக் போடுவதில் அத்தையை மிஞ்ச ஆள் கிடையாது. ஒன்றாம் தேதியே மாதம் முழுவதற்கும் போட்டு முடித்துவிடுவார். இதைப் போய் நான் வெளியே சொல்வேனா? நானும் அந்த வீட்டில்தானே சாப்பிட்டாக வேண்டும்.

என் பிழைப்பு வேறு அவருக்கு ஆகாது. செத்துப்போன வளர்ப்பு முயல், காட்டு முயல்களின் ஈரலை அரைத்து, அதில் இருக்கும் வைரஸ் எந்த வம்சத்தில் வந்தது என்று தேடுவது என் வேலை. வீடு திரும்பினால் பின்பக்கம் குளித்துவிட்டுத்தான் உள்ளே நுழைய வேண்டும். "நாள் முழுக்கப் பொணத்தோட பொரண்டுட்டு வர்றவ" என்றுதான் விருந்தாளிகளுக்கு என்னை அறிமுகப்படுத்துவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

செவ்வாய்க்கிழமை காலை கால்நடை டாக்டர் வந்தார். முந்தின வாரம் அவர் எடுத்துப்போன ரத்தத்தில், பதினொன்றில் எட்டு முயலுக்கு தெருவில் முயல்களைக் கொன்ற வைரஸின் குடும்பம் தொற்றிய அடையாளம் இருந்ததாம்.

"ரூல்ஸ்மா. எல்லாத்தையும் ஊசி போட்டுக் கொன்னுடணும்."

ஊசிப் பெட்டியும் கையோடு வந்திருந்தது. அத்தை கூண்டுக்குக் குறுக்கே போய் நின்றார். "நோய்னா ஏன் சார் ஒண்ணுகூட சாகல?"

நியாயமான கேள்வி. எங்கள் துறையில் பாதிப் பேருக்குச் சோறு போடுவதே அந்தக் கேள்விதான். நான் நடுவில் புகுந்தேன்.

"சார், இதே குடும்பத்துல சாது வைரஸும் இருக்கு. முயலோட குடல்ல சத்தமில்லாமக் குடியிருக்கும், ஒண்ணும் பண்ணாது. அந்த மாதிரி சாதுவுல ஒரு கிளை எப்பவோ மாறிப்போய், ஈரல்ல புகுந்து கொல்ல ஆரம்பிச்சிருக்கும்னு நினைக்கிறோம். காட்டு முயல்லயும் தனியா அப்படி நடந்திருக்கலாம். பங்காளி கொலை பண்ணதுக்கு இவனைத் தூக்குல போடலாமா?"

"என் வீட்டுல கொலைகாரனாடி?" என்றார் அத்தை.

"முயலைச் சொல்லல அத்தை, வைரஸை."

"எதுவா இருந்தா என்ன, இங்க வளந்ததுதானே!"

"ரெண்டு நாள் குடுங்க சார். புழுக்கையைச் சோதிச்சு எந்த வகைன்னு சொல்லிடறேன்."

டாக்டர் விவரமானவர். அட்டையை எட்டிப் பார்த்தார். "குடல் வைரஸ் புழுக்கை வழியாத்தானே பரவும்? இவங்க ஒரு வேளைகூட விடாமக் கழுவியிருக்காங்க. இந்தக் கூண்டுல அது எப்படிங்க காலங்காலமா தங்கும்? இது வெளியில இருந்து புதுசா வந்தது. கொல்ற வகைதான்."

அட்டையில் நாளைக்கும் டிக் இருந்தது, நாளை மறுநாளுக்கும் இருந்தது. விரலை நீட்டிக் காட்டினால் போதும். ஆனால் வேலிக்கு அந்தப் பக்கம் பாதிச் சங்கம் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது, முன்வரிசையில் டெய்லரம்மா. மாமியார் மானத்தைக் கப்பலேற்றிவிட்டு நான் எங்கே போய்க் குடித்தனம் நடத்துவது? வெட்கக்கேடுதான், நான் வாயை மூடிக்கொண்டேன்.

டாக்டர் ஊசியில் மருந்தை ஏற்றி, முதல் கூண்டைத் திறந்தார்.

"நான் கழுவல" என்றார் அத்தை.

"என்னம்மா?"

"கழுவலைங்கறேன், காது கேக்கலையா? மாசத்துக்கு ரெண்டு தடவை கழுவினா அதிகம். இடுப்பு வலி, குனிய முடியல. டிக்கெல்லாம் ஒரே நாள்ல போட்டது. வர்ற வெள்ளிக்கிழமைக்கும் போட்டிருக்கேன், நல்லாப் பாருங்க! தாயோட புழுக்கையிலதான் குட்டி பொரண்டு வளருது. எழுதிக்குங்க, கையெழுத்துப் போடறேன். பரிசையும் எடுத்துட்டுப் போங்க. முதல்ல அந்த ஊசியைக் கீழ வைங்க!"

டாக்டர் சிரிப்பை அடக்க ரொம்ப நேரம் இருமினார். பிறகு இரண்டு நாள் கொடுத்தார்.

வியாழக்கிழமை மதியம் முடிவு வந்தது. சாது வைரஸ்தான், கொலைகாரக் கிளைக்கு வெகுதூரத்துச் சொந்தம். பதினொன்றும் பிழைத்தன. நான் வீட்டுக்கு ஓடிவந்து மூச்சு வாங்க அத்தையிடம் சொன்னேன். சாதுவோடு பழகிய உடம்பு கொலைகாரனையும் ஓரளவு தாக்குப்பிடிக்கும், கழுவாமல் விட்டதே இவற்றைக் காப்பாற்றியிருக்கலாம் என்றேன்.

அத்தை சிரிக்கவில்லை. "டெய்லரம்மா ரெண்டு வேளையும் கழுவினா" என்றார். "நான் சொல்லித்தானே கழுவினா."

"கழுவாதவங்க முயலும்தான் செத்துச்சு அத்தை. அதனாலதான்னு நிச்சயமா சொல்ல முடியாது."

"அதனால இல்லைன்னு நிச்சயமா சொல்ல முடியுமா?"

நான் கையிலிருந்த முடிவுக் காகிதத்தை மடித்துப் பையில் வைத்தேன்.

அத்தை செருப்பை மாட்டிக்கொண்டு பக்கத்து வீட்டுக்கு நடந்தார். நானும் பின்னாலேயே போனேன். டெய்லரம்மா கதவைத் திறந்ததும், "மன்னிச்சுடும்மா" என்றார் அத்தை. கல்யாணமாகி வந்த ஒன்பது வருடத்தில் அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை.

டெய்லரம்மா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை.

"இத்தனை நாளா அந்தக் கூண்டு முன்னாடியே உக்காந்துட்டு யோசிச்சேன்க்கா" என்றார், "எந்த மூலையைக் கழுவாம விட்டேன்னு."