எது வந்தாலும் ஓகே

மாப்பிள்ளையை எதிர்த்துப் பேச ஒரு முறை இருக்கிறது. குரல் உயரக் கூடாது. ‘நீங்க’ குறையக் கூடாது. வாங்க, உட்காருங்க, காபி குடிங்க என்று மூன்றையும் சொல்லி முடித்த பிறகுதான் நாலாவதாக ‘முடியாது’ என்பதைச் சொல்ல வேண்டும். பேட்டர்ன்காரம்மா முறை தவறாமல்தான் செய்தாள். நாலாவது மட்டும் கொஞ்சம் சூடாக வந்துவிட்டது. காபியை விட.

“அத்தை, நான் உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். அந்த ரெண்டு கம்ப்யூட்டரும் காலாவதி ஆயிடுச்சு. ஒண்ணை ஒண்ணு பாக்கவே பாக்காது. சனிக்கிழமை நாலு மணிக்குப் பழைய இரும்புக்காரரை வரச் சொல்லியிருக்கேன்.”

“யாரைக் கேட்டு?”

“நீங்களும் எவ்வளவு நாள்தான் உழைப்பீங்க? கொஞ்சம் ரெஸ்ட் எடுக்கலாமே.”

அந்தக் கடைசி வாக்கியத்தை அவர் சொல்லாமல் இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. நல்ல பிள்ளைதான். ஒரே நாளில் ஒரு அலுவலகம் முழுக்கக் கம்ப்யூட்டர் மாற்றிவிட்டு மறுநாள் மறந்துவிடுகிற வேலை. அவளுக்கென்று புது மடிக்கணினி ஒன்று வாங்கி வந்து, பெட்டியைப் பிரிக்காமல் மேசை மேல் வைத்திருந்தார்.

“நான் எப்ப ரெஸ்ட் எடுக்கணும்னு என் முதுகு சொல்லும் மாப்பிள்ளை. நீங்க ஒண்ணு பண்ணுங்க. சனிக்கிழமை நாலு மணிக்குள்ள பின்னறைல இருக்கிற படம் முன்னறைல வந்து விழுந்துச்சுன்னா, இந்தப் பேச்சை இனிமே எடுக்கக் கூடாது.”

“விழலைன்னா?”

“ரெண்டையும் நானே தூக்கி வண்டில வைக்கிறேன்.”

அவள் கணவர் செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டி, “சரிம்மா” என்றார். அவரை யாரும் எதுவும் கேட்கவில்லை.

துணி தைப்பது அவள் வேலை இல்லை. தைக்கிறவர்களுக்கு, இந்த உடம்புக்கு இப்படி வெட்டு என்று முழு அளவில் காகிதத்தில் வரைந்து கொடுப்பது. அதுவும் கடையில் தொங்குகிற எந்த உடுப்பும் பொருந்தாத உடம்புகளுக்கு. தோள் ஒன்று இறங்கியவர், முதுகு வளைந்தவர், நாள் முழுக்கச் சக்கர நாற்காலியில் இருப்பதால் இடுப்பு முன்னால் தாழ்ந்தும் பின்னால் உயர்ந்தும் கால்சட்டை வேண்டியவர். அப்படி நானூற்றுச் சொச்சம் உடம்புகள் பின்னறைக் கம்ப்யூட்டருக்குள் குடியிருந்தன. அவற்றை வரைந்த புரோகிராமை விற்ற கம்பெனி என்றைக்கோ மூடிவிட்டது. புதுப் புரோகிராம் எதற்கும் அந்தப் படங்களைத் திறக்கத் தெரியவில்லை. கம்ப்யூட்டர் போனால் நானூறு பேரையும் மறுபடி வரச் சொல்லி அளவெடுக்க வேண்டும். அதில் பாதிப் பேருக்குப் படியேறி வர முடியாது.

வரைகிற மெஷின், பிளாட்டர், முன்னறையில் இருந்தது. இரண்டு ஆள் படுக்கும் நீளம். பின்னறை வாசலில் நுழையாது. அதன் கம்பியைச் செருகுகிற வாயும் முன்னறைக் கம்ப்யூட்டரில் மட்டும்தான் உண்டு. ஆக, படம் பின்னால், பிளாட்டர் முன்னால். இடையே பதினாலு அடி நடை.

பதினாறு வருஷமாக அந்த வீட்டில் நெட்வொர்க் என்றால் அது அவள் கணவர்தான். பின்னறையில் அவள் ஃபிளாப்பியைக் கொடுப்பாள். அவர் செருப்பைச் சரக் சரக்கென்று இழுத்துக்கொண்டு முன்னறைக்குக் கொண்டுபோய்ச் செருகுவார். வேகம் குறைவுதான். ஆனால் ஒருநாளும் அறுந்ததில்லை. போன மாதம் முன்னறையில் ஃபிளாப்பி செருகுகிற இடம் கறக் என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டது. பென் டிரைவைச் செருகினால் இரண்டு கம்ப்யூட்டரும் பட்டணத்துச் சம்பந்தியைப் பார்ப்பதுபோல் பேசாமல் இருந்தன.

மிச்சமிருந்தது கேபிள்தான். புதன்கிழமையே வாங்கி, சுவர் ஓரமாக ஆணி அடித்து ஓட்டி, இரண்டையும் நடுவிலிருந்த ரூட்டர் பெட்டியில் சேர்த்தாள். பச்சை விளக்கு இரண்டு பக்கமும் கண் சிமிட்டியது. ‘அக்கம்பக்கம்’ காட்டுகிற ஜன்னலைத் திறந்தாள். பின்னறைக் கம்ப்யூட்டர் தன்னை மட்டும் ஒரு குட்டிப் படமாகக் காட்டியது; அதன் கீழே இருந்த ஆங்கிலப் பொடி எழுத்தை வாசிக்க அவள் நிற்கவில்லை. முன்னறைக்கு ஓடிப்போய்ப் பார்த்தாள். அதுவும் தன்னை மட்டும் காட்டியது. இந்த உலகத்தில் நான் ஒருத்திதான் என்று இரண்டும் சாதித்தன. அவளுடைய நாத்தனார்கள் ஞாபகம் வந்தது.

வியாழன் கேபிளை மாற்றினாள். இரண்டும் ஒரே குழுவில் இருக்கிறதா என்று பார்த்தாள். இருந்தது. போல்டரைப் பகிரக் கொடுத்திருக்கிறதா? கொடுத்திருந்தது. காவலுக்கு நிற்கிற புரோகிராம் தடுக்கிறதோ என்று அதையும் அணைத்தாள். ஒவ்வொரு தடவையும் இரண்டையும் அணைத்து, அவள் பின்னறையில் முதலில் போட்டு, “இப்பப் போடுங்க!” என்று கத்த, அவர் முன்னறையில் போடுவார்.

“என்னங்க, ஏதாவது வருதா?”

“ஒண்ணும் வரல!”

“திரைல ஏதாவது எழுதியிருக்கா?”

“எதுவும் இல்லம்மா, சுத்தமா இருக்கு!”

வெள்ளி இரவு மகள் போன் செய்தாள். “அம்மா, அவர் பாவம்மா. நீ ஜெயிச்சுட்டா மூஞ்சியைத் தூக்கி வச்சுக்குவார்.”

“தோத்தா நான் தூக்கி வச்சுக்குவேன். உனக்கு எந்த மூஞ்சி வேணும்னு பாத்துக்கோ.”

சனிக்கிழமை மூன்றரைக்கே வாசலில் ஹாரன் கேட்டது. எமனுக்குக்கூட நேரம் தவறாது, பழைய இரும்புக்காரர் அரை மணி முன்னால் வந்துவிட்டார். தடித்த ஆள். நெஞ்சு வரை ஏற்றிக் கட்டிய பெல்ட். பின்னாலேயே மாப்பிள்ளையும் வந்தார், ஜெயித்த முகத்தை வெளியே காட்டாத நாகரிகத்தோடு.

“நாலுன்னா நாலு” என்றாள் பேட்டர்ன்காரம்மா. “இன்னும் அரை மணி இருக்கு. என்னங்க, அவரை வாசல்லயே உட்கார வச்சுப் பேசிட்டு இருங்க.”

“சரிம்மா” என்று அவர் போனார். முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர். வழியில் மறிக்கிற வண்டியைப் பற்றி ஒரு மணி நேரம் பேசச் சரக்கு இருந்தது.

பின்னறையில் போட்டுவிட்டு வழக்கம்போல் “இப்பப் போடுங்க!” என்று கத்தினாள். பதில் இல்லை. ஆளைத்தான் வாசலுக்கு அனுப்பியாகிவிட்டதே. தலையில் அடித்துக்கொண்டு முன்னறைக்குத் தானே நடந்தாள். பட்டனை அமுக்கி, முதல் தடவையாக அந்த நாற்காலியில் உட்கார்ந்து, அது கண் விழிப்பதைப் பார்த்தாள். நீலம் வந்தது. மணல் கடிகாரம் சுழன்றது. அப்புறம் நடுத்திரையில் டொய்ங் என்று ஒரு சின்னப் பெட்டி குதித்தது. அதில் இரண்டு வரி. கீழே ‘ஓகே’.

அவள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு எழுத்துக் கூட்டி வாசித்தாள். இதே பெயரில் இந்த வலையில் இன்னொரு கம்ப்யூட்டர் இருக்கிறது என்று சொல்லியது.

“என்னங்க!”

அந்த ‘என்னங்க’ வேறு மாதிரி. செருப்பு சரக் சரக்கென்று ஓடி வந்தது. பின்னால் மாப்பிள்ளையும் இரும்புக்காரரும்.

“இந்தப் பெட்டி தினமும் வருதா?”

“அதுவா? ஆமா, வரும்.”

“ஒண்ணும் வரலன்னு சொன்னீங்களே!”

“வந்த உடனே ஓகே அமுக்கிடுவேன், போயிடும். அப்புறம் சுத்தமா இருக்கும்.” அவர் நியாயமாகத்தான் பேசினார். பஸ் ஓட்டியபோது முன்னால் எது வந்தாலும் ஹாரன் அடிப்பார், விலகிப்போகும். வீட்டில் எது வந்தாலும் ‘சரிம்மா’ என்பார், விலகிப்போகும். திரையில் வந்தால் ஓகே. ஒரே கொள்கை, மூன்று இடம். “முப்பத்தாறு வருஷமா இந்த வீட்ல யாராவது ஓகே சொல்லிக் கெட்டுப்போயிருக்காங்களா?”

இரும்புக்காரர் தலையாட்டினார். அவரும் கல்யாணம் ஆனவர்.

“ரெண்டுக்கும் எப்படி ஒரே பேர்?” என்றார் மாப்பிள்ளை. தன்னை அறியாமல் குனிந்து திரையைப் பார்க்க ஆரம்பித்திருந்தார்.

“பின்னாடி இருக்கிறது அச்சு அசலா அப்படியே இதுலயும் வேணும்னு ரிப்பேர்காரர்கிட்ட நான்தான் சொன்னேன்.”

ஈயடிச்சான் காப்பி. ரிப்பேர்காரர் சொன்ன சொல் தவறாதவர். புரோகிராம், செட்டிங், பெயர் என்று ஈ எறும்பு விடாமல் இறக்கிக் கொடுத்துவிட்டார். ஒரு வாசலில் ஒரே பெயரில் இரண்டு பேர் நின்றால் தபால்காரன் யாரிடம் கடிதத்தைக் கொடுப்பான்? அதுதான் ரூட்டருக்கு வந்த சோதனை.

“சரி, என்ன பேரு?” அவள் பெயர் இருக்கிற பக்கத்தைத் திறந்தாள். கணவர் திடீரென்று இரும்புக்காரரிடம், “வாங்க, வெளிய காத்தா இருக்கும்” என்றார்.

திரையில் ஆங்கில எழுத்தில், கொட்டை கொட்டையாக இருந்தது: சிடுமூஞ்சி.

ரூட்டர் மட்டும் சிமிட்டியது.

“வாங்கின அன்னிக்கு ஒரு பேர் வைன்னு அதுவே கேட்டுச்சும்மா. அன்னிக்கு நீ கோவமா இருந்தே. வாயால சொல்ல தைரியம் இல்ல, கையால அடிச்சுட்டேன்.”

“பதினாறு வருஷமா நான் சிடுமூஞ்சிகிட்டதான் வேலை பாத்துட்டு இருந்தேனா?”

“ரெண்டு சிடுமூஞ்சி மாமா” என்றார் மாப்பிள்ளை. அவர் உதடு துடித்தது. “அதான் ஒத்துப்போகல.”

அவள் சிரிக்கவில்லை. மணி மூன்று ஐம்பது. சிரிப்பு எங்கே ஓடிப்போகிறது, நாலரைக்குச் சிரித்துக்கொள்ளலாம். முன்னறையின் பெயரை அழித்தாள். புதுப் பெயருக்கு யோசிக்கவே இல்லை. ‘சரிம்மா’ என்று அடித்தாள். அணைந்து எழும்ப வேண்டும் என்றது. எழட்டும்.

அது எழுந்த வேகத்தைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். இரும்புக்காரர் இரண்டு தடவை கடிகாரம் பார்த்தார். மணல் கடிகாரம் சுழன்றது. பெட்டி குதிக்கவில்லை. அக்கம்பக்கத்து ஜன்னலைத் திறந்தால் வெள்ளை. ஒன்றுமே இல்லை.

“பழைய கம்ப்யூட்டர் அத்தை, பட்டியல் வர டைம் எடுக்கும்” என்றார் மாப்பிள்ளை. சொன்ன பிறகுதான் எந்தக் கட்சியில் நிற்கிறோம் என்று அவருக்கே உறைத்திருக்க வேண்டும். “ஆனா மணி நாலாகப் போகுது.”

இரும்புக்காரர் பேச்சை முடிக்கிற மாதிரி மானிட்டர் மேல் கை வைத்தார்.

“கையை எடுங்கய்யா.”

“இல்லம்மா, தூக்க வாட்டமா இருக்கான்னு…”

“நாலு அடிக்கட்டும். அதுவரை இது என் வீட்டு ஆள்.”

அவர் சுட்டதுபோல் கையை எடுத்தார். அந்த நேரம் பார்த்து வெள்ளை ஜன்னலில் சரிம்மா வந்தது. ஒரு மூச்சு விட்டு, அதன் பக்கத்தில் சிடுமூஞ்சி. இரண்டும் தோளோடு தோள் உரச நின்றன.

சிடுமூஞ்சிக்குள் போனாள். நானூற்றுச் சொச்சம் பேரும் வரிசையாக இருந்தார்கள். அவள் யோசிக்காமல் ஒரு படத்தை எடுத்து, இழுத்து, பிளாட்டருக்கு அனுப்பினாள். பிளாட்டர் தொண்டையைக் கனைத்தது. பேனா இறங்கி, காகிதத்தின் மேல் கிறீச் கிறீச்சென்று ஓட ஆரம்பித்தது. தெருமுனைக் கடிகாரம் நாலு அடித்தது. யாரும் எண்ணவில்லை.

கழுத்து வந்தது, கை வந்தது, முதுகு வந்தது. இரண்டு பாதியும் ஒன்றுபோல் இல்லை. இடது தோள் ஒன்றரை சென்டிமீட்டர் இறங்கியிருந்தது.

மாப்பிள்ளை காகிதத்தின் மேல் குனிந்தார். கை தானாக இடது தோளுக்குப் போனது. “இது என் கல்யாணக் கோட்டு.”

“ஆமா.”

“அதுக்கு முன்னாடி எந்தச் சட்டையும் எனக்கு ஒழுங்கா நின்னதில்ல அத்தை. ஒரு பக்கம் இழுத்துட்டே இருக்கும். நான்தான் கோணல்னு நெனச்சுட்டு இருந்தேன்.”

“நீங்க கோணல் இல்ல. கடைக்காரன் போட்ட கோடுதான் கோணல்.” அவள் காகிதத்தைக் கிழித்து அவரிடம் நீட்டினாள். “காலாவதி ஆனதுங்க உங்களை மறக்கல, பாருங்க. இப்ப நிமிர்ந்து நில்லுங்க, இடுப்பு ரெண்டு விரக்கடை கூடியிருக்கு. ரெஸ்ட் எடுத்திருக்கீங்க போல.”

அவர் சிரித்துவிட்டார். “பேச்சு பேச்சுதான் அத்தை. இனிமே எடுக்கல.” புது மடிக்கணினியைத் தானே எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டார்.

இரும்புக்காரர் போகவில்லை. பெல்ட்டை மேலே இழுத்துவிட்டுக்கொண்டு தயங்கினார். “எனக்குக் கால்சட்டை இடுப்புல நிக்கிறதே இல்லம்மா. அதனாலதான் நெஞ்சுல கட்டுறேன். இது மாதிரி எனக்கும்…”

“ஏன் நிக்காது? வயித்துக்குக் கீழ கோடு போடத் தெரியணும். திங்கக்கிழமை வாங்க.”

அவர் வண்டிக்குப் போய் எதையோ உருட்டினார். திரும்பி வரும்போது கையில் ஒரு பழைய கம்ப்யூட்டர். முன்னறையில் இருப்பதன் கூடப்பிறந்தது மாதிரி அதே ஜாடை, அதே பழுப்பு. “காலைல ஒரு வீட்ல எடுத்தது. ஓடுது. உடைக்க மனசு வரல. ஃபிளாப்பி வாயெல்லாம் நல்லா இருக்கு.”

இரண்டை ஏற்ற வந்த வண்டி ஒன்றை இறக்கிவிட்டுப் போனது.

அதற்கும் ஒரு கேபிள் கிடைத்தது. மாப்பிள்ளைதான் தரையில் படுத்து ரூட்டரில் செருகினார். பட்டனை அமுக்கினார்கள். நீலம் வந்தது, மணல் கடிகாரம் சுழன்றது, டொய்ங் என்று நடுத்திரையில் ஒரு பெட்டி குதித்தது. கீழே ‘ஓகே’. பக்கவாட்டிலிருந்து ஒரு விரல் பழக்கதோஷத்தில் நீண்டது.

“சரிம்மா!” என்றாள் அவள்.

விரல் அந்தரத்தில் நின்றது. அந்தப் பெயர் தன்னைத்தான் சொல்கிறது என்று அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

“கையை எடுங்க. மாப்பிள்ளை, என்ன போட்டிருக்குன்னு நீங்க வாசிங்க.”

மாப்பிள்ளை கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, இடது தோள் கொஞ்சம் இறங்க, குனிந்து வாசிக்க ஆரம்பித்தார்.