மூன்று விரல் தடம்

அந்த முதியோர் இல்லத்தில் வாரம் ஒருமுறை எல்லாருடைய தோலையும் உச்சி முதல் உள்ளங்கால் வரை பார்த்து எழுத வேண்டும். நர்சம்மாவுக்கு அதில் சலிப்பே கிடையாது. "படுக்கைப்புண் கதவைத் தட்டிட்டா வரும்?" என்பாள்.

இன்று கணக்கு வாத்தியார் முறை. பக்கவாதம் வந்து பேச்சுப் போனவர். குதிகால் சுத்தம், இடுப்பு சுத்தம். சட்டையைக் கழற்றியபோதுதான் மேல்கையில் அதைக் கண்டாள். ஒரு பக்கம் கட்டைவிரல் கன்றிய தடம். மறுபக்கம் மூன்று விரல்கள். மோதிர விரல் பதிய வேண்டிய இடம் மட்டும் காலி.

மெஷினில் மோதிர விரலைப் பறிகொடுத்தவன் இந்த இல்லத்தில் ஒருவன்தான், அவள் தம்பி. வேலை போய் வீட்டில் முடங்கிக் கிடந்தவனை, மேலாளர் காலில் விழாத குறையாகக் கெஞ்சி இங்கே உதவியாளாகச் சேர்த்துவிட்டவளே அவள்தான்.

"விழப் போனாரு, பிடிச்சேன்" என்றான் தம்பி, வாசலில் நின்றபடி. அவள் இன்னும் ஒன்றும் கேட்கவில்லை.

தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடுமே. வயசான தோல், தொட்டாலே கன்றும் என்று மனசு தம்பிக்காக வாதாடியது. ஆனால் கொஞ்சம் கீழே அதே தடம் இன்னொன்று இருந்தது. மேலே இருந்தது கருநீலம். இது பழசாகி மஞ்சள் பூத்திருந்தது.

"எத்தனை தடவைடா விழப் போனாரு?"

"சோறு ஊட்டினா வாயைத் திறக்க மாட்டேங்குறாருக்கா. உனக்கென்ன, எழுதிட்டுப் போயிடுவ." அவன் உள்ளே வந்து கதவைச் சாத்தினான். "அம்மாவை நெனச்சுக்கோ."

வாத்தியார் நன்றாக இருந்த கையால் சட்டையை இழுத்து மூடப் பார்த்தார். கண் தம்பி மேலேயே இருந்தது. இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளையைப் பார்த்து அவளுக்கும் முதல் தடவையாகப் பயம் வந்தது.

அளவு நாடாவைத் தடத்தின் பக்கத்தில் வைத்தாள். செல்போனில் படம் எடுத்தாள். இடம், நீளம், நிறம் எல்லாம் எழுதினாள்.

"என் பேரை எழுதிட்டியா?"

"கண்ணால பார்த்ததைத்தான் எழுதணும். அதுல பேருக்கு இடமில்ல."

அவனுக்கு மூச்சு வந்தது. "அதானே. அக்கா அக்காதான்."

"யாருன்னு மேலாளர் என்னைக் கேப்பாரு," என்றாள். "சொல்லுவேன். இப்ப கதவைத் திற."

அவன் திறக்கவில்லை.