நாலாம் டிவிஷன் மருமகன்

“உந்த வெள்ளைக்காரன் ஆரின்ரை ஆள்?”

பதிவு மேசையில் இருந்த சச்சிதானந்தன் அண்ணை மைக்கைக் கையால் பொத்திக்கொண்டுதான் கேட்டார். ஆனாலும் மல்வேர்ன் மைதானத்தில் கொத்துரொட்டிக்கு நின்றவர்கள்வரை திரும்பிப் பார்த்தார்கள். எங்கள் ஊரின் நீலச் சட்டை வயிற்றில் இறுக்க, என் கணவன் ரே சிரித்தபடி நின்றான். அவனுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை.

தொண்ணூற்றாறாம் ஆண்டுக் கோடை. விட்டுவந்த ஊர்களின் பேரில், ஊருக்கு ஊர் மோதும் உதைபந்தாட்டப் போட்டி. ஊர்க்காரர்தான் ஆடலாம், ஊரில் பெண் எடுத்தவரும் ஆடலாம். அகதியாய் ஓடிவந்த சனத்திடம் பிறப்புச் சான்றிதழ் கேட்டால் எங்கே போவது? அதனால் ஊர்ப் பெரியவர் ஒருவர் மேசைக்கு வந்து, இவன் இன்னாருடைய மகன், இன்னாருடைய மருமகன் என்று வாயால் சொல்லவேண்டும். அவ்வளவுதான் சட்டம்.

இந்த வில்லங்கத்தை இழுத்து வைத்தது எங்கள் கப்டன் அன்புராசா. இங்கே வெக்ஸ்போர்ட்டில் ரேயோடு ஒரே ஃபக்டரியில் வேலை. ரே இங்கிலாந்தில் சம்பளத்துக்கு விளையாடியவன் என்று ரீ குடிக்கும் நேரத்தில் கேள்விப்பட்டதும் அவனுக்குத் தலைகால் தெரியவில்லை. விளையாடியது கடைசிப் படியான நாலாம் டிவிஷனில், வடக்கே எந்நேரமும் மழை பெய்யும் ஒரு சின்ன ஊருக்கு, ஒரேயொரு பனிக்காலம், அதிலும் பாதி மாற்று ஆட்டக்காரர் வாங்கில் இருந்து பார்த்தது. பிறகு முழங்கால் போனது, கிளப் கையை விரித்தது. இதெல்லாம் அன்புராசாவின் காதில் ஏறவேயில்லை. “எனக்கு வந்த சளித் தடிமன்கூட அந்த வேலையைவிடக் கூடநாள் நின்றது” என்று சொல்லி ரே சிரிப்பான். சிரித்துவிட்டு எழும்பிப் போய் யன்னலால் சும்மா பார்த்துக்கொண்டு நிற்பான். இருபது வயதில் முடிந்துபோன ஒன்றுக்கு இன்னும் ஆசைப்படுகிறான் என்று எனக்குத் தெரியும். அன்புராசா நீலச் சட்டையைக் கொண்டுவந்து கொடுத்ததும் அதை அயன் பண்ணி மாட்டி வைத்தான், பாவி மனுசன்.

அன்புராசா யோசிக்காதது ஒன்று. ரேயை மருமகன் என்று சொல்லவேண்டியவர் என் அப்பா அமிர்தநாதர். கோயிலில் பாதர் முன் நிற்காமல், தாலியில்லாமல், சிற்றி ஹோலில் பதிவுக் கல்யாணம் முடித்தேன் என்று அப்பாவுக்கு இரண்டு வருடமாய் என்னோடு பேச்சில்லை. அன்றும் மரநிழலில் கதிரை போட்டு மைதானத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், எங்களை அல்ல.

“அண்ணை, இவர் கிளடிஸின்ரை மனுசன்,” என்றான் அன்புராசா.

“அது சரி. பெரியாக்கள் ஆரும் வந்து சொல்லட்டும்.”

“ஏன், நான் சொன்னால் காணாதோ?” என்று சீறினேன்.

“சட்டம் பிள்ளை, கோவியாதை.”

ஏதோ பிழை என்று ரேக்குப் பிடிபட்டுவிட்டது. “பரவாயில்லை கிளடிஸ், என்னால் இவர்களுக்குக் கரைச்சல் வேண்டாம்” என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுச் சட்டையைக் கழற்றத் தொடங்கினான். இறுக்கமான சட்டை, தலையில் மாட்டிக்கொண்டது. முகம் தெரியாமல் அதற்குள்ளேயே கொஞ்ச நேரம் நின்றான். இந்த மனுசனுக்கு ஒரு பந்துகூட மிஞ்சக்கூடாதா, அந்தோனியாரே!

“கழட்டவேண்டாமெண்டு சொல்லு உவனுக்கு.”

அப்பா. எப்போது கதிரையை விட்டு எழும்பினார் என்று நான் காணவில்லை. என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார். பிறகு மேசையில் கையை ஊன்றினார்.

“அமிர்தநாதற்றை மருமோன். இன்னும் ஏதும் கேக்கக் கிடக்கோ?”

சச்சிதானந்தன் அண்ணை மைக்கிலிருந்து கையை எடுத்து ரேயின் பெயரை அறிவித்தார்.

ரே இடதுபக்கக் கோட்டோரம் இறங்கினான். உடம்பு பாரம்தான், மூச்சும் வாங்கியது. ஆனால் பந்து காலுக்கு வந்ததும் சொன்ன சொல் கேட்டு நின்றது. இரண்டு பேரைத் தாண்டி, ஒரு நீளப் பந்தை அன்புராசாவின் காலடியில் கொண்டுபோய் வைத்தான். சனம் ஆவென்று கத்தியது. அவன் முகத்தை அப்படி நான் ஒருநாளும் கண்டதில்லை. அடுத்த ஓட்டத்தில் முழங்கால் மடங்கியது. ஒருவரும் தொடாமலே விழுந்தான்.

நான் எழும்ப முதல் அப்பா கோட்டைத் தாண்டிவிட்டார். புல்லில் குந்தி, அந்த முழங்காலை இரண்டு கையாலும் பிடித்து உருவத் தொடங்கினார்.

“எங்கை மோனே நோகுது? இஞ்சையோ?”

ரே ஆங்கிலத்தில் ஏதோ சொன்னான். அப்பா தமிழில் மறுமொழி சொன்னார். இருவரையும் வெளியே போகச் சொல்லி நடுவர் விசில் ஊதிக்கொண்டேயிருந்தார். அவர்கள் எழும்பவில்லை.