ஏற்றியே இருந்த நாண்

பிராங்க்ளின் வில்லின் மேல்முனையில் ரோஜா மாலையைச் சுற்றிக்கொண்டிருந்தான். அக்காவின் தலைமாட்டில், ஃப்ரீசர் பெட்டிக்கும் சுவருக்கும் நடுவில் அதை நிறுத்த வேண்டும் என்பது அவன் எண்ணம். முந்தின நாள் காலை மைதானத்தில் அம்பு விட்டுக்கொண்டிருந்த மரியசெல்வி, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள்தான். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. அந்தப் பதற்றத்தில் யாரோ வில்லை ஸ்கூட்டரில் கொண்டுவந்து பீரோவுக்குப் பின்னால் சாய்த்துவிட்டுப் போயிருந்தார்கள். இன்று மதியம்தான் அது பிராங்க்ளின் கண்ணில் பட்டது.

மரியசெல்வியின் கணவர் பெனடிக்ட் வெள்ளைச் சட்டைக்குப் பித்தான் போட்டபடி உள்ளறையிலிருந்து வந்தார். மாலையைப் பார்த்தார், வில்லைப் பார்த்தார். கை பித்தானிலேயே நின்றுவிட்டது.

"பிராங்க்ளின், நாணு ஏறியே இருக்குது."

"ஆமா மாமா. ஏறியிருந்தாதான வில்லு?"

"நேத்துலேர்ந்தா?"

அவனுக்குக் கேள்வி புரியவில்லை. வில்வித்தைச் சங்கத்திலிருந்து மலர்வளையம் கொண்டுவருகிறார்கள், போட்டோ எடுப்பார்கள், அக்கா வில்லோடு இருந்தால் நன்றாயிருக்கும் என்று ஏதேதோ சொல்லிக்கொண்டு போனான்.

வில்லைப் பற்றிப் பெனடிக்ட்டுக்குத் தெரிந்ததெல்லாம் பார்த்துத் தெரிந்ததுதான். மகள் நான்ஸியை மைதானத்தில் சேர்க்கப் போன மரியசெல்வி, மகள் சீக்கிரமே சலித்து விட்டுவிட, தான் பிடித்துக்கொண்டாள். அப்போதே நாற்பதைத் தாண்டியிருந்தாள். பிடித்ததும் மூங்கில் வில்லைத்தான். உடம்பில் பெரிய வலு கிடையாது. ஆனாலும் அவள் விட்ட அம்புகள் பலகையில் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நிற்கும். எப்படி என்று கேட்டால், நேற்று எப்படி இருந்ததோ அப்படியே இன்றைக்கும் நாண் இருக்கிறது, அவ்வளவுதான் என்பாள்.

அந்த 'அவ்வளவுதான்' லேசான வேலை இல்லை. மைன்ஸில் நைட் ஷிப்ட் முடித்து வரும் நாட்களில் பெனடிக்ட் சைக்கிளை மைதானத்தோரம் நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பார். நாணை ஏற்றியதும் வில்லின் பிடியின்மேல் மூடிய கையை வைத்துக் கட்டைவிரலை நிமிர்த்துவாள். விரல் நுனி நாணைத் தொட்டும் தொடாமலும் நிற்க வேண்டும். தள்ளியோ ஒட்டியோ இருந்தால் மறுபடி இறக்கி, நாண் முனையிலுள்ள கண்ணியைக் கழற்றி, முறுக்கைக் கூட்டியோ குறைத்தோ ஏற்றுவாள். சித்திரை வெயிலில் நாண் நெகிழும். புது நாண் என்றால் சில நாள் நீண்டுகொண்டேதான் இருக்கும். அம்பு உட்காரும் இடத்தில் சுற்றிய சிவப்பு நூல் அரிசியளவு நகர்ந்திருந்தாலும் பிரித்துச் சுற்றுவாள். மெழுகைத் தடவி, இரண்டு விரலுக்கு நடுவே சூடேறும்வரை நாணை உருவிவிடுவாள். கடைசி அம்பு போனதும், ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல், முதல் வேலையாக நாணை இறக்கிவிடுவாள்.

"மூங்கிலும் செத்த நேரம் ஒக்காரணுமில்ல" என்பாள்.

அந்த மூங்கில் ஒரு பகலும் ஓர் இரவும் உட்காராமல் வளைந்தே நின்றிருந்தது.

"எறக்கிடலாம்" என்றார் பெனடிக்ட்.

பிராங்க்ளின் முகம் மாறியது. மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து வந்து, நேற்றிலிருந்து பெட்டிக்கும் பூவுக்கும் பந்தலுக்கும் அலைந்தவன் அவன். அக்காவுக்கு என்று அவன் ஆசைப்பட்டது இது ஒன்றைத்தான்.

"நாணு இல்லாட்டி அது வெறும் கொம்பு மாமா. வர்றவங்க என்னான்னு கேப்பாங்க. அஞ்சு மணிக்குள்ள எடுத்துடப் போறோம், அதுவரைக்கும் இருந்தா என்னா? இனிமே அத யாரு வளைக்கப் போறாங்க?"

அழுது வீங்கிய முகத்தோடு இருந்த நான்ஸியும், பிராங்க்ளின் மாமா சொல்வது சரிதான், இருக்கட்டும்ப்பா என்றாள். கூடியிருந்த பெண்கள் மனைவியை இழந்தவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். பெனடிக்ட் வீட்டில் எதற்கும் மறுத்துப் பேசி யாரும் பார்த்ததில்லை. பேச வேண்டியதை மரியசெல்வி பேசிக்கொள்வாள்.

அந்த நேரத்தில்தான் வடலூரிலிருந்து நந்தினி வந்தாள். மரியசெல்வியோடு ஒரே வரிசையில் நின்று அம்பு விட்டவள். பெட்டியின் கண்ணாடிமேல் கைவைத்து வெகுநேரம் குனிந்து நின்றாள். நிமிர்ந்தபோது வில் கண்ணில் பட்டது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மெதுவாக, "ஏன்ணா, அக்கா எறக்காமயா போயிட்டாங்க?" என்றாள்.

பெனடிக்ட் தலையாட்டினார்.

இந்த நந்தினியை முன்வைத்து அவர் மனைவியோடு ஒருமுறை சண்டை போட்டிருக்கிறார். மாநிலப் போட்டி. பாதியில் நந்தினியின் நாண் கண்ணியருகே பிரிந்துபோயிற்று. அவளிடம் இருந்த மாற்று நாண் புத்தம் புதியது, முறுக்கே இறங்காதது. இரண்டு பேரின் வில்லும் ஒரே ஆள் செய்தவை, ஒரே நீளம். மரியசெல்வி தன் பையிலிருந்து இன்னொரு நாணை எடுத்து நீட்டினாள். தான் எந்த நாணில் எய்துகொண்டிருந்தாளோ அதே அளவு பழக்கி, அதே முறுக்கில், அதே இடத்தில் சிவப்பு நூல் சுற்றி வைத்திருந்த நாண். நந்தினி தங்கம் வாங்கினாள். மரியசெல்விக்கு வெண்கலம்.

திரும்பும் பஸ்ஸில் பெனடிக்ட் வெடித்துவிட்டார். எதற்கு அவ்வளவு பாடுபட்டுப் பழக்கி வைத்தாய், எதிரில் நிற்பவளுக்குத் தூக்கிக் கொடுக்கவா என்று கேட்டார். அவள் ஜன்னலோரம் முந்திரிக்காட்டைப் பார்த்துக்கொண்டே வந்தாள். பிறகு சொன்னாள்:

"அவ கையிலயும் அது அப்படியே நின்னுச்சு பாத்தீங்களா?"

முகத்தில் அப்படி ஒரு நிறைவு. தோற்றவள் முகம் இல்லை அது. இப்படிப்பட்டவளோடுதான் குடித்தனம் செய்கிறோம் என்று அன்றைக்கு முதல்முறையாகக் கொஞ்சம் பயமும் பெருமையுமாக இருந்தது.

பெனடிக்ட் பிராங்க்ளினிடம் போய், மாலையைப் பிரித்து அவன் கையிலேயே கொடுத்தார். வேட்டியை மடித்துக் கட்டினார்.

"ஒரு நாள்கூட வுட்டதில்ல பிராங்க்ளின். இன்னிக்கு மட்டும் ஏன் வுடணும்?"

பிராங்க்ளின் மாலையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

வில்லுக்கும் நாணுக்கும் நடுவே வலது காலை விட்டார் பெனடிக்ட். முழங்கால் வலித்தது. கீழ்முனையை இடது கணுக்காலின்மேல் பதித்து, பிடியைத் தொடைக்குப் பின்னால் கொடுத்து, மேல்பாதியை முன்னால் தள்ளினார். மூங்கில் அசையவில்லை. அவள் எத்தனை லேசாகச் செய்வாள் என்று நினைத்துக்கொண்டார். நந்தினி குனிந்து கீழ்முனை நழுவாமல் பிடித்துக்கொண்டாள்.

"இன்னும் கொஞ்சம்ணா. மூச்சை வுட்டுட்டுத் தள்ளுங்க."

தள்ளினார். நாண் தளர்ந்தது. கண்ணி வில்முனையின் வெட்டிலிருந்து வெளியே வந்தது. முழுக்கக் கழற்றிவிட நந்தினி கையை நீட்டியபோது, பெனடிக்ட் வேண்டாம் என்று தலையசைத்தார். கண்ணியை வில்லின் உடம்போடு கீழே வழுக்கி இறக்கி, முறுக்கு பிரியாதபடி அப்படியே விட்டார். மரியசெல்வி அப்படித்தான் விடுவாள்.

மூங்கில் முழுக்க நிமிரவில்லை. ஒரு வளைவு தங்கியிருந்தது.

"படுக்க வச்சா வந்துடும்" என்றாள் நந்தினி. பிறகு, "வரலன்னாலும் பரவால்லண்ணா" என்றாள்.

நான்ஸி எழுந்து வந்தாள். அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். இரண்டு கைகளிலும் வில்லை வாங்கிக்கொண்டு உள்ளறைக்குப் போய், அம்மாவின் கட்டிலில் நீளவாக்கில் படுக்க வைத்துவிட்டு வந்தாள். பிராங்க்ளின் மாலையை அக்காவின் காலடியில் வைத்தான். சங்கத்தார் வந்தார்கள், வளையம் வைத்துப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். வில் எங்கே என்று யாரும் கேட்கவில்லை.

ஃபாதர் வந்து ஜெபம் முடிந்து, பூசைக்குப் பிறகு கோவிலிலிருந்து வண்டி கல்லறைக்குக் கிளம்பும்போது வெயில் தாழ்ந்திருந்தது. பெனடிக்ட் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பிளாக் தெருக்களைக் கடந்து, வேப்பமரச் சாலையில் திரும்பினால் மைதானம். சாயங்காலப் பழக்கம் நடந்துகொண்டிருந்தது. பாதிப் பேர் கோவிலுக்கு வந்துவிட்டதால் கூட்டம் குறைவு. ஒரு பெண் மட்டும் கோட்டில் நின்று, அம்பைப் பூட்டி, தாடைவரை இழுத்திருந்தாள். யாரென்று அவருக்குத் தெரியவில்லை.

வண்டியை நிறுத்தவா என்று டிரைவர் கேட்டான். வேண்டாம், மெதுவாகப் போனால் போதும் என்றார்.

அந்தப் பெண் வண்டியைப் பார்த்துவிட்டாள். இழுத்த அம்பை எய்யவில்லை. தோள் நடுங்க, கொஞ்சம் கொஞ்சமாக, நாணை அதன் இடத்துக்கே திரும்பக் கொண்டுவந்து நிறுத்தினாள்.